எச்.ஆர்-ல எது பெரிய வேலை?

கேள்வி: ஓசூர் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில எச்.ஆர் எக்ஸிகியூட்டிவ். அட்டெண்டன்ஸ், பிஎஃப், இஎஸ்ஐ, சம்பளம் எல்லாம் என் தலைலதான், வீடு போய் சேர ராத்திரி ஆயிடுது. புதுசா வந்தவர் லேபர் கேஸ் ஃபைல் ரெண்டு மூணு பாக்குறார், என்னைவிட சம்பளம் ஜாஸ்தி. என் வேலை அவ்ளோ மட்டமா?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: மட்டமே இல்லம்மா. வேலை நிறைய இருக்குறது வேற, வேலை சிக்கலா இருக்குறது வேற, சம்பளம் போடுறவங்க ரெண்டாவதைத்தான் பாக்குறாங்க. 1950கள்ல லண்டன்ல கிளேசியர் மெட்டல்ங்கிற பேரிங் கம்பெனில எலியட் ஜாக்ஸ்னு ஒருத்தர் இதை ஆராய்ச்சி பண்ணார். நீங்களா ஒரு முடிவு எடுத்தா, அது சரியில்லன்னு மேல இருக்குறவருக்கு தெரியவர எவ்ளோ காலம் ஆகும், அந்தக் காலம் நீள நீள வேலையோட லெவலும் ஏறும்னு சொன்னார்.

பிஎஃப் பணம் அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும், விட்டா உடனே தெரிஞ்சிடும். ஆனா ஒருத்தரை விசாரணை நடத்தாம வேலைய விட்டு அனுப்பிட்டா, குற்றச்சாட்டை எழுத்துல சார்ஜ் ஷீட்டா குடுத்தீங்களா, அவர் தரப்பை கேட்டீங்களான்னு லேபர் கோர்ட் கேக்கும்போது வருஷக்கணக்கு ஓடியிருக்கும், வேலை இல்லாம இருந்த காலத்து சம்பளத்தையும் குடுத்து திரும்ப வேலைல சேத்துக்கோன்னுகூட தீர்ப்பு வரலாம். அந்த ரெண்டு ஃபைலோட கனம் இதுதான்.

அதுக்காக உங்க சீட்ல யோசிக்கவே வேணாம்னு நெனச்சிடாதீங்க. ஜூலைல ஒருத்தருக்கு இன்க்ரிமெண்ட் போட்டு சம்பளம் இஎஸ்ஐ வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டிடுச்சுன்னு வைங்க, அந்த மருத்துவக் காப்பீட்டுக்கான பிடிப்பை அப்பவே நிறுத்தக்கூடாது, செப்டம்பர் முடியிற வரைக்கும் முழு சம்பளத்துக்கும் 0.75 சதவீதம் பிடிக்கணும். சாஃப்ட்வேர்ல நிறுத்திட்டா அந்த தொழிலாளி வீட்டுல யாராவது ஆஸ்பத்திரில இருக்கும்போதுதான் பிரச்சனையே வெளிய வரும். இதை முன்னாடியே கவனிக்குறவங்க செய்யிறது கிளார்க் வேலை இல்ல, என்னோட திடமான அபிப்பிராயம் இது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது, அடுத்த டொமஸ்டிக் என்கொயரில, அதாவது கம்பெனிக்குள்ள நடக்குற விசாரணைல, ரெக்கார்ட் எழுத உக்காரட்டுமான்னு மேனேஜர்கிட்ட கேளுங்க. அட்டெண்டன்ஸ் உங்க கைலதானே இருக்கு, எந்த லைன்ல, எந்த ஷிஃப்ட்ல ஆப்சென்ட் ஏறுது, ஏன் ஏறுதுன்னு சூப்பர்வைசர்கிட்ட பேசி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, அது உங்களை அடுத்த லெவலுக்கு கொண்டுபோற வேலை. ராத்திரி வரைக்கும் உக்காருறது மட்டும் தனி விஷயம், அதுக்கு இன்னொரு ஆள் வேணும்னு தயங்காம எழுத்துல கேளுங்க.