குட்டிக்கரணம் போடும் விமானிகள்: ஒரு கடிதம்

அன்புள்ள சேர்,

வான்சாகச விமானிகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2021 மார்ச்சில் இலங்கை விமானப்படையின் 70ஆவது ஆண்டுக்காக இந்தியாவின் சூர்யகிரண் குழு காலிமுகத்திடலுக்கு மேல் பறந்ததில் தொடங்கி, பிரிட்டிஷ் விமானப்படைக்குள் நடந்த கோப்பைப் போட்டிகள் வரை போயிருந்தீர்கள். எனக்கு இரண்டு கேள்விகள்.

யார் முந்துகிறார் என்று போட்டி வைத்தால் புரிகிறது. குட்டிக்கரணத்துக்கு எப்படிப் புள்ளி போடுவார்கள்?

அடுத்ததைக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என் கணவரின் ஊர் கிளிநொச்சி. இன்றைக்கும் தாழ்வாக ஒரு விமானம் போனால், கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்பார். உங்கள் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘அந்தச் சத்தத்துக்கு யாருக்குத்தான் உடம்பு சிலிர்க்காது’ என்ற வரி வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். போர் விமானிகளை இவ்வளவு ஆசையாக நினைக்க வேண்டுமா சேர்?

எஸ்., பண்டாரவளை

*

அன்பு மகளுக்கு,

லேசான கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன்.

தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் போட்டி வைப்பார்களே, அதில் எடையை மட்டுமா பார்க்கிறார்கள்? கூடையைக் கவிழ்த்து, முற்றல் இலை எவ்வளவு, காம்பு எவ்வளவு என்றும் கிளறிப் பார்ப்பார்கள். வானத்திலும் ஏறக்குறைய அதுதான். இப்போதைய உலகப் போட்டிகளில் விமானி செய்ய வேண்டிய ஒவ்வொரு வித்தைக்கும் ஒரு குறியீடு உண்டு. ஸ்பெயின்காரரான ஹோசே லூயிஸ் அரெஸ்டி வகுத்த முறை அது. கோடும் வளைவும் சின்ன முக்கோணமுமாக, பார்ப்பதற்கு யாரோ பாதியில் விட்டுப்போன கோலம் மாதிரி இருக்கும். அந்தக் காகிதத்தைக் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொண்டு, 1000 மீட்டர் நீள அகலமுள்ள ஒரு கற்பனைப் பெட்டிக்குள் விமானி பறக்க வேண்டும். கீழே கதிரையில் சாய்ந்திருக்கும் நடுவர்கள் கையிலும் அதே கோலம். ஒரு வித்தைக்குப் பத்துப் புள்ளி. கோணம் 5 பாகை பிசகினால் அரைப் புள்ளி வெட்டு. வித்தை கடினமாக இருந்தால் அதற்கேற்ற எண்ணால் பெருக்குவார்கள்.

எல்லாவற்றிலும் எளிதாகத் தெரிவது வட்டம். அதில்தான் ஆட்கள் அகப்படுவார்கள். மேலே ஏறும்போது வேகம் குறைகிறது, இறங்கும்போது கூடுகிறது. விமானத்தை ஓட்டும் பிடியை ஒரே அழுத்தத்தில் இழுத்துக்கொண்டிருந்தால் கீழே அகலமாகவும் உச்சியில் ஒடுங்கியும், யாரோ நசுக்கிய வளையல் மாதிரி வரும். அதனால் உச்சிக்குப் போகும்போது பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். அதற்குள் காற்று முழு வட்டத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும், அதையும் சரிக்கட்ட வேண்டும். 4 ஜி இழுப்பில், அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு இழுப்பில், 60 கிலோ ஆள் 240 கிலோவாகிவிடுவார். தலையிலிருந்து இரத்தம் இறங்கிப் பார்வை சாம்பல் பூக்கும். காலையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு அதைத் தடுத்தபடியேதான் இவ்வளவையும் செய்ய வேண்டும். இதில் வேடிக்கை, வட்டம் வட்டமாக வந்ததா என்பது உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. கதிரையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

விமானப்படைப் போட்டிகளில் எனக்குப் பிடித்தது ரைட் ஜூபிலி கோப்பை. பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர்கள் தனித்தனியாகப் பறந்து போட்டியிட்டது. பிரமாதமான போர்விமானம் எதுவும் கிடையாது. ஜெட் புரொவோஸ்ட் என்ற பயிற்சி விமானத்தின் காலத்தில், அன்றாடம் மாணவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பறை விமானம்தான். காலையில் வாந்தி எடுக்கும் பையனோடு ஒரு சுற்று, நேரம் கிடைத்தால் தனக்காக ஒரு சுற்று. நானும் வாத்தியாராக இருந்தவன், இதில் கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் நினைவில் நிற்பது குழுக்கள். 1958இல் இங்கிலாந்தின் பார்ன்பரோ விமானக் கண்காட்சியில் ரோஜர் டொப்பின் பின்னால் 22 ஹண்டர் விமானங்கள் ஒன்றாக ஒரே வட்டம் போட்டன, பிளாக் அரோஸ் குழு. 1965 முதல் ரெட் அரோஸ். குழுவின் நிறம் எல்லோருக்கும் தெரியும், உள்ளே இருந்தவர்களின் பெயர் தெரியாது. குழுவாகப் பறப்பதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. பின்னால் வருபவர் தரையைப் பார்ப்பதில்லை. தன் கண்ணைத் தலைவரின் விமானத்திலேயே பதித்திருப்பார். 1982 ஜனவரியில் நெவாடா பாலைவனத்தில் அமெரிக்கத் தண்டர்பேர்ட்ஸ் குழுவின் நான்கு விமானங்கள் பயிற்சியில் வட்டம் போட்டன. தலைவரின் விமானத்தில் கோளாறு, அவரால் மூக்கை நிமிர்த்த முடியவில்லை. மற்ற மூவரும் வரிசை குலையாமல் அவரோடு சேர்ந்து தரையில் மோதினார்கள். அவ்வளவு ஒழுங்கு. தனியாகப் பறப்பவனைப் பார்க்க எனக்கு ஆசை வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி.

மேலே ஜெட் புரொவோஸ்டை வகுப்பறை விமானம் என்று எழுதினேன். அதே ரகம் நம் நாட்டு விமானப்படையிடமும் இருந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது, ஓரங்கட்டி வைத்திருந்தவற்றை அவசரமாகத் தயார் செய்து, இந்த நாட்டுப் பையன்கள் மீதே தாக்குதலுக்கு அனுப்பினார்கள். ஆக, வாத்தியார் விமானம் என்று நான் கொஞ்சிக்கொண்டிருப்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. போரில் குண்டு வீசிய கிபிர் விமானங்கள் பற்றி உங்கள் வீட்டுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 2011 மார்ச் 1ஆம் திகதி, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழா ஒத்திகையில் கம்பஹா பக்கம் இரண்டு கிபிர்கள் ஒன்றோடொன்று மோதின. ஒரு விமானி இறந்தார். நான் ஹட்டன் பஸ்ஸில் இருந்தேன், ரேடியோவில் செய்தி போனது. எனக்கு முதலில் வந்த உணர்வு என்ன என்பதை இன்றும் எழுதப் பிடிக்கவில்லை. வட்டவளை வரும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அப்படியானால் ஏன் இந்த ஆட்களை நினைக்கிறேன்? எனக்கு நீல் வில்லியம்ஸின் கதை தெரியும் என்பதால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவர், பிறகு பல தடவை அந்த நாட்டு வான்சாகச சம்பியன். 1970 ஜூனில், அடுத்த மாதம் நடக்கவிருந்த உலகப் போட்டிக்காக இங்கிலாந்தின் ஹலவிங்டனில் ஒரு ஸ்லின் சாகச விமானத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். திடீரென்று இடது இறக்கை மேல்நோக்கி மடியத் தொடங்கியது. பரசூட் கிடையாது. அந்த நொடியில் அவருக்கு ஞாபகம் வந்தது, பல்கேரிய விமானி ஒருவரைப் பற்றி எப்போதோ காதில் விழுந்த கதை. அந்த ஆள் தலைகீழாகப் பறந்தபோது இறக்கை பிசகி, விமானம் புரண்டு நிமிர்ந்ததால் பிழைத்தாராம். தனக்கு நடப்பது அதன் மறுபக்கம் என்று வில்லியம்ஸுக்குப் புரிந்தது. உடனே விமானத்தைத் தலைகீழாகப் புரட்டினார். டக்கென்று இறக்கை தன் இடத்துக்கு வந்தது. தலைகீழாகவே வந்து, தரைக்குச் சற்று மேலே ஒரே திருப்பில் நிமிர்த்தி, விமானத்தை நொறுக்கிக்கொண்டு இறங்கினார். எழுந்து நடந்து போனார்.

யாரோ ஒருவன் தப்பியதை இன்னொருவன் தேநீரோடு சொல்ல, அதை மூன்றாமவன் கேட்டு வைத்திருந்தது. நான் எழுதுவதும் அந்த மாதிரிப் பேச்சுத்தான், அதற்கு மேல் பெருமை அதற்கு வேண்டாம்.

வில்லியம்ஸ் செத்தது சாகசத்தில் இல்லை. 1977 டிசம்பரில் ஸ்பெயினிலிருந்து ஒரு பழைய குண்டுவீச்சு விமானத்தைச் சும்மா ஓட்டிக்கொண்டு வரும்போது, மேகம் மூடிய மலையில் மோதினார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின்ஏர் விமானம் மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதன் டயர் ஒன்றை நோர்ட்டன் பிரிட்ஜில் இன்றும் பார்க்கலாம். அப்பா மறுநாள் தோட்டத்து ஆட்களோடு மேலே ஏறினார். என்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, மூடுபனி இரவில் விமானச் சத்தம் கேட்டால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்து வாசலுக்கு வருவார். சத்தம் மலையைத் தாண்டிப் போகும் வரை அங்கேயே நிற்பார். நான் விமானத்தைப் பார்க்கப் பழகியது அவர் பக்கத்தில் நின்றுதான்.

உங்கள் கணவர் எழுந்து நிற்பார் என்று எழுதியிருந்தீர்கள் இல்லையா, அதை வாசித்தபோது எனக்கு அந்த வாசல்தான் வந்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அப்பா நின்றது மேலே இருப்பவர்களுக்காக.

கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். ‘யாருக்குத்தான் உடம்பு சிலிர்க்காது’ என்பதை எடுத்துவிட்டு, ‘எனக்கு உடம்பு சிலிர்த்தது’ என்று போட்டிருக்கிறேன். அவரிடம் சொல்லுங்கள். வாசித்துக் காட்ட வேண்டாம்.