விலா எலும்பில் இருந்த விருந்து

கேள்வி: செத்துப் பல நூறு வருஷம் ஆனவர் என்ன சாப்பிட்டார், எங்கே வளர்ந்தார் என்று எலும்பைச் சோதித்துச் சொல்கிறார்களாமே, நம்பலாமா சார்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நம்பலாம் அம்மா. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2012-ல் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது மன்னர் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-ல் போர்க்களத்தில் விழுந்தபோது வயது 32. ஆண்டது இரண்டே வருஷம். அவருடைய பல், தொடை எலும்பு, விலா எலும்பு மூன்றையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள்.

ஏன் மூன்று? பல்லின் எனாமல் சின்ன வயதில் உருவாகி அப்படியே நின்றுவிடும். எலும்பு அப்படியில்லை, பழசு கரையும், புதுசு கட்டும். தொடை எலும்பில் கடைசி 10, 15 வருஷச் சாப்பாடு கலந்திருக்கும். மெல்லிய விலாவில் கடைசி 2 முதல் 5 வருஷம்தான்.

நைட்ரஜனில் கொஞ்சம் கனமான ஒரு வகை உண்டு. புல்லைவிட ஆட்டிலும், ஆட்டைவிட அதைத் தின்றவரிடமும் அது கூடுதலாக இருக்கும். ரிச்சர்டின் தொடையைவிட விலாவில் அது ஏறியிருந்தது. ஆற்றுமீன், அன்னம், நாரை என்று அரசவிருந்து தொடங்கிய காலம் அது! குடிப்பதிலிருந்து எலும்பில் சேரும் ஆக்சிஜனும் மாறியிருந்தது, அதற்குக் காரணம் ஒயின் என்று முடிவு கட்டினார்கள். ஒரு மனிதன் ராஜாவானது அவன் விலாவில் பதிந்திருக்கிறது என்று படித்த அன்று எனக்கு மெய்சிலிர்த்தது.

நம் பக்கத்துத் தானியங்களையும் இப்படிப் பிரிக்கலாம். நெல்லும் கோதுமையும் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் விதம் வேறு. கம்பு, சோளம், கேழ்வரகு பிடிக்கும் விதம் வேறு. சோறா, கம்பங்கூழா என்பது எலும்பில் தெரியும். ஆனால் கடல்மீன் நிறையத் தின்றாலும் கணக்கு கூழின் பக்கமே சாயும். அதனால் நைட்ரஜனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த ஊரின் பாறையும் மழையும் தண்ணீர், சாப்பாடு வழியாகப் பல்லில் தடம் விடும். ஆனால் ஊர் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். ஒரே மாதிரிப் பாறையும் மழையும் பல ஊர்களில் உண்டே. 'இந்த மண்ணில் வளரவில்லை' என்பதைத்தான் பல் துணிந்து சொல்லும்.

போன மாசம் என் பேத்திக்கு முன்பல் விழுந்தது. சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியப் போனவளை நிறுத்தினேன். பால்பல்லின் எனாமல் தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடும். என் மகள் அப்போது திருநெல்வேலியில் இருந்தாள். அவள் குடித்த தாமிரபரணித் தண்ணீரின் ஆக்சிஜன் அந்தப் பல்லில் இருக்கிறது. பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.