பூவாக்கும் ஊன்றுகோலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வேலை பார்த்த விசைத்தறிக் கூடத்தை மூடிவிட்டார்கள். வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் முகவர் ஒருவர் இரண்டு லட்சம் கேட்கிறார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. குலதெய்வக் கோயிலில் பூ கேட்டோம், சிவப்பு வந்தது. மனம் ஆறாமல் மறுபடியும் கேட்டதில் மூன்றாம் முறை வெள்ளை வந்தது. சோதிடரோ போகவேண்டாம் என்கிறார். இறைவன் வழிகாட்டுவான் என்று நம்பிக் கிளம்பலாமா?

ச., காங்கேயம்

அன்புள்ள ச.,

தேவாரம் பாடிய சுந்தரரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. சோதிடரை விட்டுவிடுங்கள். பூவைப் பற்றி மட்டும் ஒன்று. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் பொட்டலமாக மடித்துப்போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வதே நம் ஆசை அதில் கலந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். உங்கள் பக்கத்துச் சிவன்மலையில், பக்தர் ஒருவரின் கனவில் முருகன் சொன்ன பொருளை ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைப்பதற்கும் பூப்போட்டுத்தான் கேட்கிறார்கள். விரும்பிய நிறம் வரும்வரை கேட்பவர், தாமே எழுதிய உத்தரவில் சாமியிடம் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்.

திருவொற்றியூரில் தாம் மணந்த சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி, ஊரின் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரு கண்களும் மறைந்தன. (அது நியாயமான தண்டனைதானா என்று கேட்டு யாரும் எனக்கு எழுதவேண்டாம்.) திருவெண்பாக்கத்துக்கு வந்து, 'கோயில் உளாயோ' என்று கேட்டார். இறைவனே தோழனாக ஏற்றுக்கொண்ட அவருக்கு உள்ளிருந்து வந்த பதில், 'உளோம் போகீர்'. கூடவே ஓர் ஊன்றுகோல். எந்த வழியாகப் போவது, பார்வை எப்போது திரும்பும் என்பதெல்லாம் சொல்லப்படவில்லை. கோபத்தில் அவர் வீசியெறிந்த கோல் பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்கிறது தலவரலாறு. பழைய கோயில் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது; பிறகு எழுப்பப்பட்ட ஊன்றீஸ்வரர் கோயிலில் கொம்பு ஒடிந்த அந்த நந்தியின் முன்னால் நான் வெகுநேரம் நின்றிருக்கிறேன். அடியவரின் கோபத்தை மூடி மறைக்காமல், வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்களே என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

கோபித்துக்கொண்டவர் அங்கேயே உட்கார்ந்துவிடவில்லை. பழையனூர் ஆலங்காட்டைக் கடந்து காஞ்சிக்குப் போனபின் இடக்கண்ணும், திருவாரூரை அடைந்தபின் வலக்கண்ணும் கிடைத்தன. அதுவரை ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தரையைத் தட்டிப் பார்த்தே நடந்திருப்பார் என்பதைப் பதிகம் பாடும் நாம் மறந்துவிடுகிறோம்.

நீங்கள் எதைத் தட்டிப் பார்த்தீர்கள்? சாமியிடம் மூன்று முறை கேட்டவர், அந்த முகவரிடம் பதிவு எண்ணை ஒருமுறையாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கவே கூடாது. பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அப்படியிருக்க, இரண்டு லட்சம் எதற்கு? மத்திய அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் இருக்கிறது. தேடிப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அதைக்கூடச் செய்யாமல் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று பணத்தை எண்ணிக் கொடுப்பதைப் பக்தி என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன், வேலை போன வீட்டில் இரவுகள் எப்படிக் கழியும் என்று எனக்கும் தெரியும், தம்பி. அம்மாவுக்கு என்ன நோய் என்று நீங்கள் எழுதவில்லை. நீங்கள் இல்லாதபோது அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். போவதா வேண்டாமா என்பதை அவரிடமும் கேளுங்கள். பேசிவிட்டு எழுதுங்கள்.