டிகி முகம் செதுக்க எந்தக் கட்டை? கேள்வி பதில்

சான் டியேகோவில் வசிக்கிறேன். 11 வருடமாகச் சனி, ஞாயிறுகளில் கொல்லையில் உட்கார்ந்து டிகி (பசிபிக் தீவுகளின் மரபிலிருந்து வந்த மனித உருவச் சிலை) செதுக்குகிறேன், பிழைப்பு வேறு. மரம், உளி, வெடிப்பு பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள். முதல் கேள்விக்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன்: உளியின் வாய் போகும் திசையில் உங்கள் இன்னொரு கை இருக்கவே கூடாது. என் இடது கட்டைவிரல் அடியில் 4 தையல் போட்ட தழும்பு இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து: புதிதாகத் தொடங்குகிறேன். எந்த மரம் நல்லது?

மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன், வைரம், அதாவது கட்டையின் கெட்டியான பாகம், உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேளுங்கள். தொல்காப்பியம் மரபியலில் இதே பிரிவுதான்: வெளியே காழ் (வைரம்) உள்ளது புல், உள்ளே காழ் உள்ளது மரம். தென்னையும் பனையும் அந்தக் கணக்கில் புல். செதுக்குகிறவனுக்கு இதைவிட உதவியான வகைப்பாடு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலும் நாங்கள் எடுப்பது மெக்சிகோ விசிறிப் பனை. தெருவோரத்தில் வெட்டிப் போட்டால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதில் ஆண்டு வளையம் கிடையாது. வெளி ஓடு கெட்டி. உள்ளே போகப் போகப் பஞ்சு போன்ற சோற்றியில் நாருகள் செங்குத்தாக ஓடும். அதனால் கண், மூக்கு, பல் எல்லாவற்றையும் வெளிப்புற இரண்டு மூன்று அங்குலத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஆழமாகப் போனால் நார் பிய்ந்து, முகம் தேங்காய் மட்டை மாதிரி ஆகிவிடும். ஈரம் இருக்கும்போதே செதுக்குங்கள். காய்ந்தபின் ஓடு உளியைத் தின்றுவிடும். வேர்ப்பக்கத்தை மேலே வைத்தால் வேர்க்கற்றையே தலைமுடியாகிவிடும். இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

உள்ளே வைரம் உள்ள மரம் என்றால் கணக்கு வேறு. சிங்கப்பூரில் சாலையோரம் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தெரியுமல்லவா? ஹவாயில் அதற்கு மங்கிபாட் என்று பெயர். அங்கே சுற்றுலாக் கடைகளில் விற்கும் கிண்ணங்கள், சிறு டிகிகள் பலவும் அந்தக் கட்டைதான். காயும்போது மிகக் குறைவாகச் சுருங்கும், பச்சையாகவே செதுக்கலாம். தொடக்கக்காரருக்கு நான் முதலில் சொல்வது இதுதான். முகமூடி மட்டும் கட்டாயம். அதன் தூள் தும்மலில் சாகடிக்கும்.

கோவையிலிருந்து: வேப்பங்கட்டையில் ஒரு முகம் செய்தேன். 3 வாரத்தில் நெற்றியிலிருந்து தாடை வரை வெடித்துவிட்டது. ஏன்?

கட்டை வெளியிலிருந்து உள்ளே காய்கிறது. வெளித்தோல் சுருங்கப் பார்க்கும்போது உள்ளே இன்னும் ஈரம், அது விட்டுக்கொடுக்காது. அதற்கு மேல், வளையத்தின் வழியாகச் சுருங்குவது நடுவை நோக்கிச் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. முழு வட்டமான கட்டையில் இந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லை. எங்காவது ஒரு கோடாகத் திறந்தே தீரும். உங்கள் தவறு அது வெடித்தது அல்ல, எங்கே வெடிக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யாமல் விட்டது.

செதுக்கத் தொடங்கும் முன்பே, சிலையின் முதுகில் மேலிருந்து கீழாக ரம்பத்தால் நடு வரைக்கும் ஒரு வெட்டுப் போடுங்கள். மரம் சுருங்கும்போது அந்த வெட்டு அகலமாகும், முகம் தப்பிக்கும். இல்லையென்றால் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாதியில் செதுக்குங்கள். எதைச் செய்தாலும் இரு முனைகளிலும் உருக்கிய மெழுகைத் தடவுங்கள். ஈரம் வேகமாக ஓடுவது முனைகள் வழியாகத்தான். நிழல், காற்று, பொறுமை. பலகையை ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் காயவைப்பது பழைய கணக்கு.

தூத்துக்குடியிலிருந்து: பனங்கட்டை சும்மா கிடைக்கிறது. ஆகுமா?

ஆகும், ஆனால் முதல் சிலைக்கு வேண்டாம். முதிர்ந்த பனையின் கருவைரம் விசிறிப் பனையைவிடப் பல மடங்கு கெட்டி. நார் ஊசி மாதிரி குத்தும், உள்ளே ஒடிந்தால் சீழ் கட்டும். தடித்த தோல் கையுறை போடுங்கள். செதுக்கி முடித்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் நாரை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், இன்னும் கிளம்பும். எரிவாயு டார்ச்சின் தீயை மேலாக ஓட்டிக் கருக்கி, கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். பள்ளம் கறுப்பாகவும் மேடு தேன் நிறமாகவும் நிற்கும். அந்தக் கணம் எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

பினாங்கிலிருந்து: ரம்புத்தான் கட்டை வெடித்துவிட்டது. என்ன செய்யலாம்?

கோவை நண்பருக்குச் சொன்னதுதான். முதுகில் வெட்டு, முனையில் மெழுகு.

சென்னையிலிருந்து: மூக்கும் புருவமும் தட்டையாகவே வருகின்றன. உளி வைப்பது எப்படி?

நல்ல கேள்வி. புருவக் கோட்டில் உளியை நேர் செங்குத்தாக நிறுத்தி, கொட்டாப்புளியால் ஒரு அடி. கால் அங்குலம் இறங்கட்டும். கோடு முழுக்க இப்படியே. இது தடுப்பு வெட்டு. பிறகு கண் இருக்கும் இடத்தின் கீழிருந்து, வாய் வளைந்த உளியைச் சாய்வாக வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள். சீவல் சுருண்டு வந்து, அந்தத் தடுப்பு வெட்டை முட்டியதும் தானாகக் கழன்று விழும். விழவில்லையென்றால் தடுப்பு வெட்டு ஆழம் போதவில்லை. நெம்பாதீர்கள், புருவம் பெயர்ந்துவிடும். மறுபடி செங்குத்து, மறுபடி சாய்வு. 5, 6 சுற்றில் புருவத்தின் அடியில் நிழல் விழும். டிகியின் முகம் முழுக்க இந்த நிழலில்தான் இருக்கிறது. தென் பசிபிக்கின் மார்க்கெசஸ் தீவுச் சிலைகளில் தலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, கண்கள் பெரிய வட்டம், கைகள் வயிற்றின் மேல். அளவை முதலில் கரிக்கட்டியால் கட்டை மேலேயே வரைந்துகொள்ளுங்கள்.

தள்ளும்போது இடது கை எங்கே இருந்தது? உளியின் பின்னால்தானே?

ஆக்லாந்திலிருந்து: என்னோடு வேலை செய்யும், நியூசிலாந்துப் பூர்வகுடியான மாவோரித் தோழி, "டிகி எங்கள் மூதாதை, பொழுதுபோக்கு பொம்மை இல்லை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு உறுத்தவில்லையா?

உறுத்துகிறது. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

மாவோரி மரபில் டிகி என்பது முதல் மனிதனின் பெயர். பச்சைக் கல்லில் செய்து கழுத்தில் அணியும் ஹெய் டிகி தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பச் சொத்து. மார்க்கெசஸில் டிகி என்றால் தெய்வமான முன்னோர். ஹிவா ஓவா தீவில் புவாமாவு என்ற இடத்தில் ஆளுயரத்தைத் தாண்டிய கல் டிகி இன்றும் நிற்கிறது. ஹவாயில் இதற்குக் கியி என்று பெயர். அங்கே 1819-ல் அரசரே பழைய வழிபாட்டு முறையை நிறுத்தியபோது கோயில்கள் இடிக்கப்பட்டன, சிலைகள் எரிக்கப்பட்டன. கூ என்ற தெய்வத்தின் பெரிய கோயில் சிலைகளில் இந்த வகையில் மிஞ்சியவை மூன்றே மூன்று. ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், ஒன்று மாசசூசெட்ஸ் சேலத்தில், ஒன்று ஹொனலுலு பிஷப் அருங்காட்சியகத்தில். 2010-ல் மூன்றையும் ஹொனலுலுவில் ஒன்றாக நிறுத்தினார்கள். ஹொனலுலுவில் இருக்கும் சிலையின் முன் நான் நின்றிருக்கிறேன். ஈரப்பலாக் கட்டை. முழங்கால் மடங்கி, மூக்கு விடைத்து, எட்டுப் போட்டது போல் திறந்த வாய். அதுவரை 6 வருடமாக அமெரிக்க மதுக்கூடங்களின் அலங்காரப் பாணியில் செதுக்கிக்கொண்டிருந்தவன், அன்று மாலை விடுதிக்குத் திரும்பியதும் என் கைப்பேசியிலிருந்த என் சிலைப் படங்களை யாருக்கும் காட்ட மனம் வரவில்லை.

டொராண்டோவிலிருந்து, இடையில்: இது அதிகப்படி. பிள்ளையார் படம் சாவிக்கொத்தில் தொங்குகிறது, யாரும் கோபிப்பதில்லை. கலை எல்லோருக்கும் பொது.

சாவிக்கொத்தில் பிள்ளையாரைத் தொங்கவிட்டது பெரும்பாலும் அவரைக் கும்பிடுகிறவர்தான். அதே பிள்ளையாரை அவரைத் தெரியாத ஊரில் சாராயக் கோப்பையாக வார்த்து, குடித்து முடித்ததும் சிகரெட்டை அதில் அணைத்தால்? அமெரிக்க மதுக்கூடங்களில் டிகிக்கு நடந்தது அது.

மதுரையிலிருந்து: எங்கள் ஊர் எல்லையில் அய்யனார் நிற்கிறார். மண்ணெடுத்துச் செய்கிற வேளார் விரதமிருந்து செய்வார். அதை ஒருவர் அழகுக்காகச் செய்தால் எனக்கு வருத்தம்தான் வரும்.

நான் சொல்ல வந்ததை நீங்கள் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட்டீர்கள்.

டொராண்டோ: அப்படியானால் நீங்களும் விட்டுவிட வேண்டியதுதானே? அமெரிக்க மதுக்கூட டிகியும் அங்கிருந்து எடுத்ததுதான்.

அதில் பாதி உண்மை, மறுக்க மாட்டேன். 1930களில் ஹாலிவுட்டில் டான் த பீச்கோம்பர், கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் டிரேடர் விக்'ஸ் என்று தொடங்கிய உணவகப் பாணி அது. 1956-லிருந்து 2021 வரை விட்டியரில் இருந்த ஓஷியானிக் ஆர்ட்ஸ் கடை அதற்காகவே சிலைகள் செதுக்கித் தந்தது. தீவுகளைப் பார்த்து எழுந்த கற்பனை முகங்கள் அவை. எந்தக் கோயிலிலும் நின்றதில்லை. நான் செதுக்குவது அந்த வழியில் வருகிற முகங்களை மட்டும். கோயில் சிலையை நகல் எடுப்பதில்லை. மாவோரிச் சுருள் வேலைப்பாட்டையும் முகத்தில் பச்சை குத்தும் கோலத்தையும் தொடுவதில்லை. அவை இன்ன குலம், இன்ன வம்சம் என்று சொல்பவை. சாம்பல் தட்டு, கோப்பை செய்வதில்லை. யாராவது கேட்டால் இது எங்கிருந்து வந்தது என்ற கதையையும் சேர்த்துச் சொல்கிறேன். இவ்வளவும் போதும் என்று சொல்ல மாட்டேன். ஆக்லாந்து நண்பரே, உங்கள் தோழி வேண்டாம் என்றால், அங்கே இருந்துகொண்டு அதைச் செதுக்காதீர்கள். ரோட்டருவாவில் தெ புயியா என்ற இடத்தில் மாவோரிச் செதுக்குப் பள்ளி இருக்கிறது. தோட்டாரா மரத்தில் அவர்கள் உளி வைப்பதைப் போய்ப் பாருங்கள்.

டொராண்டோ: மீண்டும் ஒரு கேள்வி...

மரத்துக்குத் திரும்புவோம். நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

திருச்சியிலிருந்து: மாங்கட்டை வெடிக்கிறது...

மேலே இருக்கிறது. தயவுசெய்து கோவைக்குச் சொன்னதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள். மாமரத்துக்கு மட்டும் ஒரு சேர்க்கை: அதன் பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும். முந்திரிக் கட்டை இன்னும் மோசம். அரளிக் கட்டையைத் தொடவே வேண்டாம், தூளும் புகையும் நஞ்சு.

துபாயிலிருந்து: சந்தனக் கட்டையில் செய்யலாமா?

சட்டப்படி வந்த கட்டைதான் என்பதற்குத் தாள் இல்லாமல் வாங்காதீர்கள்.

சேலத்திலிருந்து: என்ன விலைக்கு விற்கலாம்?

விற்றதில்லை.

மதுரையிலிருந்து இன்னொருவர்: 10 வயது மகள் கேட்கிறாள்.

குளியல் சோப்பு, ஐஸ்கிரீம் குச்சி. உளி இப்போது வேண்டாம். புருவத்தின் தடுப்பு வெட்டை சோப்பிலேயே அழகாகக் கற்றுக்கொள்வாள்.

ஹூஸ்டனிலிருந்து: கொல்லையில் வெளியே வைக்கப் போகிறேன். எண்ணெயா, வார்னிஷா?

வெயிலைத் தாங்கும் படகு வார்னிஷ், வருடம் ஒருமுறை மறுபூச்சு. அடி மண்ணில் படாமல் கல் மேல் நிறுத்துங்கள். பனை வகை என்றால் அடியிலிருந்துதான் அழுகும். ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாராவது கொட்டகையைக் கொளுத்திக்கொள்கிறார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: வேலியில நிண்ட பூவரசு காத்துக்கு விழுந்திட்டுது அண்ணை. அப்பா வைச்ச மரம். விறகாக்க மனமில்லை. இது டிகிக்குச் சரி வருமோ?

தம்பி, இன்று வந்ததில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது.

உங்கள் வேலிப் பூவரசும் தீவுகளின் மரமும் ஒன்றேதான். ஹவாயில் மிலோ, தஹீத்தியில் மீரோ. அங்கே கோயில் வளாகங்களில் அதை நட்டு வளர்த்தார்கள். ஈஸ்டர் தீவில் மக்கோய். அந்தத் தீவின் ரோங்கோரோங்கோ எழுத்துப் பலகைகளில் சில, இதுவரை யாராலும் படிக்க முடியாதவை, பூவரசம் பலகையில் வெட்டியவை என்று மரத்தை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். பூவரசு மட்டுமில்லை. உங்கள் கடற்கரைப் புன்னை அங்கே தமானு. சவுக்கு அங்கே தோவா, மார்க்கெசஸ் வீரர்களின் போர்த்தடி அதில் செய்தது. ஈரப்பலாவை மேலே சொன்னேன். இரும்பு வரும் முன்பு இவற்றையெல்லாம் அவர்கள் கல்வாயுள்ள வாச்சியால் செதுக்கினார்கள்.

புதிதாக வெட்டிய இடத்தை முகர்ந்து பாருங்கள், ரோஜா வாசம் லேசாக வரும். வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள இளங்கட்டை) வெளுப்பாகவும் வைரம் சாக்லேட் நிறமாகவும் இருக்கும். வெளிறைப் பூச்சி விரும்பித் தின்னும், அதனால் முகத்தை வைரத்துக்குள் கொண்டுபோங்கள். உளிக்கு நன்றாக இணங்கும், மெருகும் ஏறும். டிகியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்பா வைத்த மரத்தில் என்ன முகம் வர வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

எப்போது விழுந்தது?

யாழ்ப்பாணம்: நாலு நாள் ஆகுது அண்ணை. முற்றத்தில வெயிலுக்க கிடக்குது.

இன்றைக்கே நிழலுக்கு இழுங்கள். மூன்றடி மூன்றடியாக அறுத்து, அறுத்த முனைகளில் எல்லாம் மெழுகு உருக்கித் தடவுங்கள். மெழுகு இல்லையென்றால் பழைய பெயின்ட் இரண்டு பூச்சு. தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். பட்டையை இப்போது உரிக்காதீர்கள். படம் எடுத்து அனுப்புங்கள், நடு எங்கே இருக்கிறது என்று பார்த்து முதுகு வெட்டு எந்தப் பக்கம் என்று சொல்கிறேன்.