கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் எழுத்துக்களைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்கு 61 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இல்லை. மூத்தவள் மகள், அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். இளையவன் மகன். 27 வயது, ஓட்டிசம்.

பாடசாலையின் விசேட கல்வி அலகில் பத்து வருடம் இருந்தான். பிறகு ஒரு பகல்நேர நிலையத்தில் சேர்த்தேன். அங்கே எல்லாரையும் வரிசையாக இருத்தி மெழுகுதிரி செய்ய வைப்பார்கள். மெழுகு உருகும் மணம் வந்ததும் இவன் தலையில் அடித்துக்கொண்டு கத்துவான். மூன்றாம் மாதம் 'இவர் எமது நிலையத்துக்குப் பொருத்தமில்லை' என்று எழுதித் தந்துவிட்டார்கள். ஆறு வருடமாக வீட்டில்தான் இருக்கிறான். கதவைத் திறந்தால் விடியற்காலையிலேயே கடற்கரைக்கு ஓடிவிடுகிறான். கரைவலை இழுக்கிறவர்களின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நான் போய் இழுத்து வர வேண்டியிருக்கிறது. ஊர் பார்க்கிறது. இப்போது கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள். ஆனாலும் 'தம்பியின் விஷயத்தில் என்ன யோசனை' என்று கேட்டுவிட்டார்கள். வேறு மாவட்டத்தில் ஓர் இல்லம் இருக்கிறது, கொண்டுபோய் விடு என்கிறார்கள் உறவினர்கள். கனடாவில் இருக்கும் என் தம்பியோ, அங்கே என்றால் ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டுப் பார்ப்பார்கள் என்கிறான். ஆளை மையமாக வைத்த சேவை, சமூகத்தோடு சேர்ந்து வாழ்தல் என்று நீங்களும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அதெல்லாம் பணக்கார நாட்டுக் கதைதானே? எனக்குப் பிறகு அவனுக்கு யார்?

ஒரு தாய்,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள அக்கா,

உங்கள் கடைசி வரிக்குப் பதில் எழுத முடியாமல் இரண்டு நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். என் அம்மாவும் கண் மூடும்வரை அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். என் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. தம்பி என்னோடு கல்லடியில் இருக்கிறார். ஆகவே இதை வெளியே நின்று எழுதவில்லை.

தம்பியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, 2004 டிசம்பர் 26, அவருக்கு 19 வயது. எங்கள் வீடு கடலுக்கு மிகக் கிட்ட. உயிர் தப்பினோம். அதற்குப் பிறகு தம்பி இரவில் கட்டிலில் படுக்க மறுத்தார். பாயை இழுத்துக்கொண்டு போய் வாசற்கதவோடு ஒட்டிப் படுப்பார். தலைமாட்டில் ஒரு சோடிச் செருப்பு. நடுச்சாமத்தில் எழுந்து நாங்கள் அவரை உள்ளே இழுத்து வருவோம். அவர் கத்துவார். செருப்பைப் பறித்து வெளியே போடுவோம், இன்னும் கத்துவார். பிடிவாதம் கூடிவிட்டது என்று முடிவு கட்டினோம். நித்திரைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஆறு வருடம்.

பிறகு, மாற்றுத்திறனாளிகள் இருக்கும் வீடுகளுக்குப் போய்வரும் ஓர் இளம் பெண் எங்கள் வீட்டுக்கும் வந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுதான் இருக்கும். பதிவுப் படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தம்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து ஒரு மணித்தியாலம் பேசாமல் இருந்தார். அப்புறம் என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அந்தச் செருப்பு யாருடையது?"

அது அம்மாவின் செருப்பு. அலை வந்த அன்று அம்மா வெறுங்காலோடு ஓடி, விழுந்து கிடந்த முள்ளுக்கம்பியில் கால் கிழிந்தார். தம்பிதான் கையைப் பிடித்துக்கொண்டு கூட ஓடியவர். மறுபடியும் கடல் வந்தால் அம்மாவுக்குச் செருப்பு வேண்டும், கதவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வருடமாக ஒவ்வோர் இரவும் அவர் எங்களைக் காவல் காத்திருக்கிறார். நாங்கள் அவருக்கு மாத்திரை கொடுத்திருக்கிறோம்.

கட்டிலை வாசலுக்கு மாற்றினோம். எல்லாருடைய செருப்பையும் அடுக்க ஒரு தட்டு வைத்தோம். வைத்தியரிடம் சொல்லி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தோம். ஆளை மையமாக வைத்த சேவை என்று நான் எழுதியபோது என் மனதில் இருந்தது அந்தப் பெண் கேட்ட கேள்விதான். அதற்கு என்ன செலவு, அக்கா? ஒரு மணித்தியாலம், பார்க்கத் தெரிந்த இரண்டு கண்கள்.

உங்கள் மகன் போன நிலையத்தில் மெழுகுதிரி இருந்தது, அதற்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். இவர் சரிவரவில்லை என்றதும் ஆளை மாற்றினார்கள், மெழுகுதிரியை மாற்றவில்லை. பொருத்தமில்லை என்று எழுதித் தந்தது அந்த நிலையத்துக்குத் தானே கொடுத்துக்கொண்ட சான்றிதழ். அதை உங்கள் மகனின் கோப்பில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கனடாவைப் பற்றி உங்கள் தம்பி சொன்னதில் உண்மை இருக்கிறது. அதற்கு முந்திய கதையையும் கேளுங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் ஒரில்லியா என்ற ஊரில் 1876இல் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென ஒரு பெரிய இல்லம் திறந்தார்கள். பின்னாளில் ஹுரோனியா என்று பெயர் மாறியது. நூறு வருடத்துக்கு மேலாகப் பெற்றோர்கள் நல்லதென்று நம்பித்தான் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். வைத்தியர்களும் அப்படித்தான் சொன்னார்கள். உள்ளே அடியும் அவமானமும். இறந்தவர்களில் பலரை இலக்கம் மட்டும் பொறித்த கல்லின் கீழ் புதைத்தார்கள், பெயர் கிடையாது. 2009இல்தான் அதை மூடினார்கள். 2013 டிசம்பரில் மாகாண முதல்வர் கத்லீன் வின் சட்டமன்றத்தில் எழுந்து அங்கே வாழ்ந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பணக்கார நாடுகள் பெரிய கட்டடங்களைக் கட்டி, அதற்குள் மனிதர்களைத் தொலைத்து, வெட்கப்பட்டு, வழக்காடித்தான் இந்த இடத்துக்கு வந்திருக்கின்றன. இன்றும் அங்கே, சிலர் சேர்ந்து உதவியாளர்களோடு வாழும் ஒரு குழு வீட்டில் இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

அதே கனடாவில் ஜூடித் ஸ்னோ (1949–2015) என்று ஒருவர் இருந்தார். கைகால் அசைக்க முடியாதவர். பராமரிப்பு விடுதியில் உடல் நலிந்து கிடந்தபோது நண்பர்கள் சிலர் அவரைச் சுற்றிக் கூடினார்கள். என்ன வேண்டும் என்று அவரையே கேட்டார்கள். அரசாங்கத்தோடு வாதாடி, உதவியாளர்களை அவரே வைத்துக்கொள்ளப் பணம் பெற்றுக் கொடுத்தார்கள். ஆதரவு வட்டம் என்று இன்று பல நாடுகளில் சொல்வதற்கு அந்த நண்பர்கள் ஒரு முன்மாதிரி. பணம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தவர்கள் ஆட்கள். கோயில் சடங்கென்றால் குடிகுடியாக ஆளுக்கொரு கடமையைப் பிரித்தெடுத்து நடத்தும் ஊர்கள் நம்முடையவை. ஒரு மனிதரைச் சுற்றி ஐந்து பேர் கூடுவது நமக்கா தெரியாத வேலை?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அவர்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சாசனத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 19ஆம் உறுப்புரை எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பதைத் தெரிவு செய்யும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பேசும்போது உதவிப்பணத்தோடு நின்றுவிடாமல் இதையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகன். 'அவர்' என்றுதான் எழுதப் போகிறேன், கோபிக்க வேண்டாம். 27 வயது இளைஞர். என் தம்பியை நாற்பது வயதிலும் தெருவில் 'அது வருகுது' என்பார்கள். அந்த ஒரு சொல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் தாய், 'அவன்' என்பது உங்கள் வாயில் பாசம். ஆனால் இத்தனை நீளக் கடிதத்தில் அவருடைய பெயரை ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஆறு வருடமாக அவர் தாமாக விரும்பிச் செய்யும் ஒரே காரியத்தை முறைப்பாடாக எழுதியிருக்கிறீர்கள்.

கரைவலை இழுப்பதை நின்று பாருங்கள், அக்கா. தோணி வளைத்து விட்டு வந்த வலையின் இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் கரையில் நின்று இழுக்கிறது. ஒரே அசைவு, ஒரே தாளம். அம்பாப் பாட்டு எடுத்தால் முறை மாறாமல் திரும்பித் திரும்பி வரும். அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசத் தேவையில்லை, ஆனால் எல்லாரும் சேர்ந்துதான் நிற்கிறார்கள். கூட்டம் சேர்ந்தால் காதைப் பொத்துகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டம் எங்கே கிடைக்கும்? தமக்குரிய இடத்தை அவரே தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கேதான் பூட்டுப் போட்டிருக்கிறீர்கள்.

கடல் மேல் உங்களுக்குள்ள பயம் எனக்கும் உண்டு. இந்தக் கரையில் யாருக்கு இல்லை? கதவைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. வலைக்காரரிடம் போய்ப் பேசுங்கள். மகன் இத்தனை மணிக்கு வருவார், கயிற்றில் நிற்பார், தண்ணீர் முழங்காலுக்கு ஏறினால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், கையைப் பிடித்து இழுத்தால் மிரண்டுபோவார் என்று சொல்லுங்கள். முதல் மாதம் மச்சான் முறையில் யாராவது ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். நீங்கள் நிற்க வேண்டாம், அம்மா நின்றால் எந்த இளைஞரும் பிள்ளையாகிவிடுவார். மாரியில் வாடைக்காற்றோடு கரைவலை ஓய்ந்துவிடும். அந்த மாதங்களில் வலை பொத்தும் இடத்தில் அவருக்கு என்ன பிடிக்கிறது என்று பார்க்கலாம். ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் பையில் இரண்டு மீனைப் போட்டு அனுப்பக் கூடாது. இழுத்தால் பங்கு. அரைப் பங்கென்றாலும் பங்கு.

ஒரு தாளில் அவரைப் பற்றி எழுதி வையுங்கள். நோயின் பெயர் வைத்தியசாலைக் குறிப்பில் இருக்கும், அது இதில் வேண்டாம். மெழுகு மணம் ஆகாது என்பது முதல் வரி. கையைக் கடித்தால் என்ன அர்த்தம், கோயில் ஒலிபெருக்கி தொடங்கினால் எங்கே போய் ஒளிவார், எந்தக் கோப்பையில் தேநீர் கொடுத்தால் குடிப்பார், யாருடைய குரலுக்கு அடங்குவார். உங்களுக்கு மட்டும் தெரிந்த இவை உங்களோடு போய்விடக் கூடாது. என் அம்மா இப்படி ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. தம்பிக்கு முருங்கைக்காய் பிடிக்காது என்பதை அவருடைய வாந்தியிலிருந்து நான் படிக்க வேண்டியிருந்தது.

வீட்டு விஷயத்தை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நம் மட்டக்களப்பு வழக்கம், அதில் பிழை காண மாட்டேன். தாய் வீட்டில் மகள் இருப்பதால்தான் என் தம்பியும் தான் பிறந்த வளவில் இருக்கிறார். ஆனால் சீதன உறுதி எழுதும்போது, அந்த வீட்டில் வாழ்நாள் முழுவதும் இருக்க மகனுக்குச் சீவிய உரித்து உண்டென்று எழுத முடியுமா என நொத்தாரிசிடம் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள் என்கிறீர்கள். அப்படியானால் மறைக்காமல் முன்னாலேயே சொல்லுங்கள். மகளிடமும் கேளுங்கள். தம்பியை எங்கே அனுப்புவது என்று ஊரே பேசுகிறது. அவருடைய அக்காவான உங்கள் மகள் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

இல்லங்களை நான் பழிக்கவில்லை. யாருமே இல்லாதவர்களை வருடக்கணக்கில் குளிப்பாட்டி ஊட்டுகிற கைகளை அங்கே கண்டிருக்கிறேன். உங்கள் மகனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், கடலும் இருக்கிறது. வேறு மாவட்டத்தில் அந்தக் கயிறு கிடைக்காது.

இவ்வளவும் செய்தால் உங்களுக்குப் பிறகு ஒரு குறையும் வராது என்று என்னால் உறுதி தர முடியாது. ஒருநாள் காலையில் அவர் வராவிட்டால் 'எங்கே ஆளைக் காணவில்லை' என்று கரையிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டுப் படலைக்கு வந்து கேட்கும் நிலையை நீங்கள் இருக்கும்போதே உண்டாக்கலாம். அதற்கு இந்தப் பங்குனியிலேயே தொடங்கலாம், கடல் அமைதியாகிவிடும்.

வடக்குப் பக்கக் கயிறு, தெற்குப் பக்கக் கயிறு என்று இரண்டு உண்டல்லவா, அவர் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து உங்கள் தங்கச்சி