பிரெஞ்சில் 'வா' என்றால் போ: ஏவல் வினையை எப்படி அமைப்பது?

ஒருவரை 'செய்', 'செய்யுங்கள்' என்று சொல்லும் வினை வடிவத்தைப் பிரெஞ்சில் எப்படி அமைப்பது, எங்கே பிழை வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதைப் புத்தகத்தைவிடக் காதால் கற்றதுதான் அதிகம். பாரிஸில் ஒரு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையில் சேர்ந்தேன். முதல் நாளே சமையல்காரர் "வா ஷெர்ஷே லெஸ் அஸியெத்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது 'வா' மட்டும். அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சொன்னதோ 'போய்த் தட்டுகளை எடுத்து வா' என்று. பிரெஞ்சில் 'வா' என்றால் போ. வரச் சொல்ல 'வியான்'. அன்று மனதில் பதிந்தது இன்னும் அழியவில்லை.

தமிழ் தெரிந்தவருக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கனவே தெரியும். 'வா' என்பதற்கு முன்னால் நாம் 'நீ' போடுவதில்லை. பிரெஞ்சும் அப்படித்தான். நிகழ்கால வடிவத்தை எடுத்துக்கொண்டு, நீ, நாம், நீங்கள் என்ற எழுவாயை நீக்கிவிட்டால் ஏவல் வினை வந்துவிடும். பேசு என்பதற்கு 'பார்ல்', பேசுவோம் என்பதற்கு 'பார்லோன்', பேசுங்கள் என்பதற்கு 'பார்லே'. இந்த மூன்று வடிவங்கள்தான். நடுவில் உள்ளது நம்முடைய 'பேசுவோம்', 'போகலாம்' போன்றது. ஆனால் அன்றாடப் பேச்சில் 'போகலாம்' என்பதற்கு 'அலோன்-ஸி'யைவிட 'ஒன் நீ வா' என்பதைத்தான் அதிகம் கேட்பீர்கள்.

எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. 'நீ பேசுகிறாய்' என்று எழுதும்போது வினையின் கடைசியில் எஸ் எழுத்து வரும், அது ஒலிக்காது. ஏவலில் அதை எழுதவும் கூடாது. 'ஈஆர்' என்று முடியும் வினைகளுக்கும், திறப்பதைக் குறிக்கும் 'ஊவ்ரீர்' போன்ற சிலவற்றுக்கும், மேலே சொன்ன 'வா'வுக்கும் இது பொருந்தும். மற்ற வினைகளில் எஸ் அப்படியே நிற்கும்: முடி என்பதற்கான 'ஃபினி' எஸ்ஸோடுதான் எழுதப்படும். அப்புறம், போன எஸ் திரும்பி வரும் இடமும் ஒன்று இருக்கிறது. 'இ' (அங்கே), 'ஆன்' (அதில் கொஞ்சம்) என்ற இரண்டு சிறு சொற்கள் வினையை ஒட்டிப் பின்னால் வந்தால், ஒலி இடறாமல் இருக்க எஸ்ஸை மறுபடி சேர்ப்பார்கள். 'வா' அங்கே 'வாஸி' ஆகும். 'சரி, செய், தொடங்கு' என்று உற்சாகப்படுத்த நாள் முழுக்கச் சொல்லும் சொல் அது. 'மான்ஜ்' (சாப்பிடு) என்பது 'மான்ஜ்-ஸான்' (அதில் கொஞ்சம் சாப்பிடு) ஆவதும் இப்படித்தான்.

என்னை நெடுநாள் திணற வைத்தது 'எனக்கு', 'அதை' போன்ற சொற்கள் நிற்கும் இடம். 'அதை எனக்குக் கொடு' என்றால் 'தொன்-லு-முவா': வினை முதலில், மற்றவை பின்னால், நடுவில் சிறு கோடுகள். 'அதை எனக்குக் கொடுக்காதே' என்றால் எல்லாம் தலைகீழ்: 'ன மு லு தொன் பா'. சொற்கள் வினைக்கு முன்னால் வந்துவிட்டன, வரிசை மாறிவிட்டது, 'முவா' சுருங்கி 'மு' ஆகிவிட்டது. விதியைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தால் பேசும் நேரத்தில் கைகொடுக்காது. ஒரே வாக்கியத்தை 'கொடு', 'கொடுக்காதே' என்று ஜோடியாக உரக்கச் சொல்லிப் பழகுங்கள். எனக்கு அதுதான் பலித்தது. பேச்சில் முன்னால் வரும் 'ன' பெரும்பாலும் விழுந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியிடம் என் கை போனபோது சமையல்காரர் கத்தியது "தூஷ் பா!" (தொடாதே) என்றுதான்.

விதிக்கு அடங்காதவை நான்கே. இரு என்பதற்கு 'சுவா, சுவாயோன், சுவாயே'. வைத்திரு என்பதற்கு 'எ, எயோன், எயே'. 'பயப்படாதே' என்று சொல்ல இதுதான் வேண்டும், பிரெஞ்சில் அது 'பயம் வைத்திருக்காதே' என்பதால். அறி என்பதற்கு 'சாஷ், சாஷோன், சாஷே'. விரும்பு என்ற வினையிலிருந்து வரும் 'வெய்யே', 'தயவுசெய்து' என்ற பொருளில் அறிவிப்புகளிலும் அலுவலகக் கடிதங்களிலும் வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இனிமேல்தான். தமிழில் 'தாருங்கள்' என்று சொன்னாலே மரியாதை வந்துவிடுகிறது. அந்த 'ங்கள்' போதும். பிரெஞ்சில் 'நீங்கள்' வடிவம் தனியாக அந்த வேலையைச் செய்யாது. ஒருநாள் ரொட்டிக் கடையில் நுழைந்ததும் "தொனே-முவா ஊன் பாகெத்" என்றேன். இலக்கணப்படி குறையே இல்லை. கடைக்காரம்மா ரொட்டியைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து, "பொன்ஜூர், மெஸ்யூ" என்று நிறுத்திச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். நானும் "பொன்ஜூர்" என்ற பிறகுதான் கை நகர்ந்தது. நான் கேட்டதாக நினைத்தேன்; அவர் காதில் அது கட்டளையாக விழுந்திருக்கிறது. முதலில் வணக்கம், பிறகு "ஜு வூத்ரே ஊன் பாகெத், ஸில் வூ ப்ளே". இதில் ஏவல் வினையே இல்லை. 'ஒரு பாகெத் வேண்டும், தயவுசெய்து' என்ற பணிவான விருப்பம். கடையிலும் அலுவலகத்திலும் அறியாதவர்களிடமும் இப்படிக் கேளுங்கள். ஏவலை நண்பர்களுக்கும் பிள்ளைகளுக்கும், சட்டி சுடும் நேரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 'மன்னியுங்கள்' என்ற 'எக்ஸ்கியூஸே-முவா' மட்டும் ஏவலாக இருந்தும் யாரிடமும் தயங்காமல் சொல்லலாம்.