'வானம் தோண்டுதல்' என்றால் என்ன? கடைக்கால், அஸ்திவாரம், அடித்தளம் எல்லாம் ஒன்றுதானா?

வீட்டு வேலையை ஆரம்பித்துவிட்டு, கொத்தனார் சொன்னது புரியாமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆகாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சுவர் எழும்பப் போகிற கோட்டில் நீளமாகத் தோண்டும் பள்ளம்தான் வானம். 'வாணம்' என்றும் எழுதுகிறார்கள். அதற்குள் உட்கார்ந்து சுவரைத் தாங்குவது கடைக்கால், பேச்சில் கடக்கால்.

எட்டாவது படிக்கும்போது விடுமுறைக் கட்டுரையில் 'அப்பாவோடு போய் வானம் தோண்டினேன்' என்று எழுதினேன். தமிழ் ஐயா சிவப்பு மையில் சுழித்து, "வானத்தை எப்படிடா தோண்டுவ, ஏணி வச்சா?" என்றார். வகுப்பே சிரித்தது. அப்பா கொத்தனார். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குக் கூட்டிப்போய் என்னை வானத்துக்குள்ளேயே இறக்கிவிட்டார்.

எங்கள் சாத்தூர்ப் பக்கம் கரிசல். நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் முதலில் ஆற்று மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். இடித்தது நான்தான், இரண்டு உள்ளங்கையும் கொப்பளம். அதன்மேல் 40 மி.மீ. ஜல்லி போட்ட 1:4:8 கலவை, அதாவது சிமெண்ட் ஒன்று, மணல் நாலு, ஜல்லி எட்டு. அப்புறம் கருங்கல் கட்டு, அதற்கு மேலே பெல்ட் என்கிற கான்கிரீட் பட்டை. "இதுல ஒண்ணு கொறஞ்சாலும் செவுரு காட்டிக் குடுத்துரும்ல" என்றார்.

சரி, மற்ற சொற்கள். அஸ்திவாரம் என்றால் பள்ளம், கட்டு எல்லாம் சேர்த்துத்தான். அடித்தளம் மேடைக்கும் கட்டுரைக்கும் உரிய சொல். 'கல்விக்கு அடித்தளம்' என்பார்கள், வேலை நடக்கிற இடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தரைக்கு மேலே வீட்டுத் தளம் வரை தெரிவது பேஸ்மட்டம். இங்கிலீஷ்காரன் சொல்லில் நம் மட்டத்தை ஒட்டவைத்தாயிற்று. கோயிலில் அந்த இடத்தில் இருப்பது அதிட்டானம், அதற்கும் கீழே உபபீடம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் கல்வெட்டுகளை அங்கேதான் குனிந்து குனிந்து படிக்க வேண்டும்.

'பில்லர் வீட்டில் இதெல்லாம் ஏது' என்று சிவில் படித்தவர்கள் வருவீர்கள். தெரியும், அங்கே தூணுக்குத் தூண் தனியாகத் தோண்டும் ஃபுட்டிங் குழி. நான் சொல்வது சுவரே பாரம் தாங்கும் வீடு. அகராதியில் வேறு பொருள் இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஐயா சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாசல் டைல்ஸுக்கு யோசிக்காமல் செலவழிக்கிறவர்கள், கருங்கல் ஒரு லோடு கூடினால் "மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருவர் அப்பாவுக்குக் கடைசி வாரக் கூலியை இன்னும் தரவில்லை. 19 வருடம் ஆகிறது. அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் அப்பா சைக்கிளை மெதுவாக மிதிப்பார், சுவரில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று. இன்னும் விடவில்லை.